முகிற் பெட்டகம்: குடும்பப் பத்திரங்களை எங்கே வைப்பது?

சீனக்குடாவின் காட்டுக்குள்ளே பிரித்தானியர் கட்டிவைத்துச் சென்ற எண்ணெய்த் தாங்கிகளை அறியாத திருகோணமலைவாசிகள் இரார். இன்று எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் எண்ணெயைக் கொள்ளத்தக்கது. அத்துணை எண்ணெயும் ஒரே பெருந்தாங்கியில் நிரப்பப்படவில்லை. தனித்தனியே, இடைவெளி விட்டு, மரச்செறிவினூடே பரப்பி வைக்கப்பட்டது. 1942 ஏப்பிரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கிய பொழுது தாங்கியொன்று எரிந்தழிந்தது. மற்றவை நின்றன.

நமது வீடுகளிலோ பிறப்பத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, பரீட்சைச் சான்றிதழ், சாதகக் குறிப்பு யாவும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. கலியாணப் படங்களும் குழந்தையின் முதல் மழலையும் ஒரே கைத்தொலைபேசிக்குள் இருக்கின்றன. 2004 திசெம்பர் 26 ஆந் திகதி கடல் கிண்ணியாவிலும் மூதூரிலும் கரையேறிய பொழுது உயிர்களோடு இப்பெட்டிகளும் போயின. 2006 இல் மூதூர், சம்பூர் மக்கள் போரினால் இடம்பெயர்ந்த பொழுது கையில் எடுத்ததே மிச்சம். உயிர் தப்பியவர், தாம் இன்னார் என்பதை மெய்ப்பிக்கவும் தமது காணி தமதே என்று காட்டவும் கச்சேரிக்கும் பதிவகத்துக்கும் நடந்த நடை கொஞ்சமன்று. ஆகவே, பத்திரங்களின் படிகளை இணையத்தின் முகிற் சேமிப்பகத்தில் வைப்பது பற்றி இன்று குடும்பங்கள் கேட்கின்றன என்றால் அது வெறும் நாகரிக மோகமன்று.

முகில் என்ற பெயர் சற்று மயக்கந் தருவது. நமது கோப்புக்கள் வானத்தில் மிதப்பதில்லை. அவை எங்கோ ஒரு நாட்டில், குளிரூட்டிய கட்டடத்தில், அடுக்கடுக்கான வட்டுக்களில் உறைகின்றன. கொழும்பிலும் மாத்தறையிலும் கரையேறும் கடலடி வடங்கள் வழியாகவே பெரும்பாலும் அவை போய் வருகின்றன. செய்மதித் தொடர்பை 1945 இலேயே கட்டுரையாக எழுதிய ஆதர் சி. கிளார்க், பின்னாளில் இலங்கையிலேயே வாழ்ந்தவர். 1956 இல் அவரும் நண்பர் மைக் வில்சனும் கோணேசர் மலையடியில் மூழ்கி, 1622 இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களைக் கடலடியிலே கண்டனர். வானத்தை நினைந்தவர் கடலுக்குள் இறங்கினார். நமது கோப்புக்களும் அவ்வழியே போகின்றன.

சேமிப்பகம் பிறர் காவலில் உள்ள கட்டடமே என்பதை உணர்த்திய நிகழ்ச்சி நமது நாட்டிலேயே நடந்தது. 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரச முகில் எனப்படும் சேமிப்பகம் கப்பங்கோரும் நச்சுநிரலுக்கு இரையானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச அலுவலகங்கள் பலவற்றின் ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்து போன மடல்கள் மீளவில்லை. பிரதிகள் இல்லாமலில்லை, ஆனால் அவையும் அதே இணைப்பில் இருந்தமையால் மூலத்தோடு சேர்ந்தே பூட்டுண்டன. இணைப்பினின்று பிரித்து வைத்த பிரதியொன்று அம்மூன்று மாதங்களுக்கு இல்லை. அரசுக்கே இந்நிலை என்றால் நமது வீட்டுப் பெட்டகத்தைப் பற்றிக் கேட்பானேன்!

எந்த நிறுவனத்தைத் தெரிவது என்று கேட்போர் முதலில் இலவச இடத்தின் அளவையே பார்க்கின்றனர். கூகிள் 15 ஜிபி தருகிறது. ஆனால் மின்னஞ்சலும் படங்களும் அதே அளவுக்குள்ளேதான் அடங்க வேண்டும். மைக்ரோசொப்ட்டின் வன்டிரைவும் ஆப்பிளின் ஐகிளவுட்டும் 5 ஜிபி, டிரொப்பொக்ஸ் 2 ஜிபி. பத்திரங்களின் படிகளுக்கு இவற்றில் எதுவும் போதும். நூறு பத்திரங்களைப் படமெடுத்தாலும் ஒரு ஜிபி நிறைவது அரிது. இடத்தை விழுங்குபவை காணொளிகளே. இலவசம் என்பது என்றும் நிலைப்பதென எண்ணுதலும் கூடாது. படங்களை எல்லையின்றி இலவசமாக ஏற்று வந்த கூகிள் 2021 யூன் 1 ஆந் திகதியுடன் அவ்வழக்கத்தை நிறுத்திக்கொண்டது. எனவே அளவு நமது கருத்தில் மூன்றாம் நான்காம் கேள்வியே.

முதற் கேள்வி இது: நாம் ஒன்றை இங்கே அழித்தால் அங்கே என்னவாகும்? பலர் சேமிப்பகம் என்று நம்பிப் பயன்படுத்துவது உண்மையில் ஒத்திசைவு. கைத்தொலைபேசியில் உள்ளதை அது கண்ணாடி போலக் காட்டும். பேரன் விளையாட்டாக ஒரு படத்தை அழித்தால் கண்ணாடியிலும் அது மறையும். அழித்தவை குப்பைத்தொட்டியில் சில வாரங்கள் கிடந்து பின் நீங்கும். கூகிள் படங்களில் இது பொதுவாக 60 நாள். அதற்குள் கவனியாதோர் இழந்தவரே. அழிந்ததை மீட்கவும் கோப்பின் பழைய வடிவத்தைத் திரும்பப் பெறவும் எத்தனை நாள் தவணை உண்டு என்று கேட்டறிவது இடத்தின் அளவைக் கேட்பதினும் மேலானது.

இரண்டாவது, திறவுகோல் யாரிடம் என்பது. சில நிறுவனங்கள் கோப்பை நமது கணினியிலேயே மறைகுறியாக்கி அனுப்புகின்றன. புரோட்டன், மெகா என்பன இவ்வகையின. அவற்றின் ஊழியரும் நமது கோப்பைப் படிக்க இயலாது. ஆனால் கடவுச்சொல்லும் மீட்புத் திறவுகோலும் ஒருங்கே தொலைந்தால் அவர்களாலும் திறந்து தர இயலாது. மறதியுள்ள முதியோர் இருக்கும் குடும்பத்துக்கு இவ்வகையை நாம் முதற்றெரிவாகச் சொல்ல மாட்டோம். வங்கிக் கணக்கு விபரங்களை மட்டும் இத்தகையதில் வைக்கலாம்.

எவ்வகையாயினும், நமது நாட்டில் பலர் தடுக்கி விழும் இடம் தொலைபேசி இலக்கமே. சலுகை கிடைக்கிறதென்று சிம் அட்டையை மாற்றிவிடுகிறோம். உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தியோ பழைய இலக்கத்துக்குப் போகிறது. கணக்கு அங்கேயே இருக்கும், கதவுதான் திறவாது. இலக்கம் மாறிய அன்றே கணக்கிலும் மாற்றவேண்டும். மீட்புக் குறியீடுகளைக் கடதாசியில் எழுதி, நம்பிக்கையான உறவினர் ஒருவரின் வீட்டில் வைத்தல் நன்று. கடதாசியை எந்த நச்சுநிரலும் தீண்டாது.

வெளிநாட்டில் பிள்ளைகளைக் கொண்ட பெற்றோருக்கு ஒரு சொல். இரண்டு ஆண்டுகள் திறவாத தனிநபர் கணக்கைக் கூகிள் அழிக்கலாம். 2023 திசெம்பர் முதல் இது நடைமுறையில் உள்ளது. கணக்குடையவர் காலமானபின் அதனை யார் திறப்பது என்பதையும் முன்னரே குறித்து வைக்க வழியுண்டு. கூகிள் 2013 இலும் ஆப்பிள் 2021 இலும் அதற்கு ஏற்பாடு செய்தன. தந்தையார் படங்களுக்காகப் பிள்ளைகள் பின்னர் அந்நிய நிறுவனத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முகிலை மட்டும் நம்புதலும் ஆகாது. கைத்தொலைபேசியில் ஒன்று, முகிலில் ஒன்று, வெளிவட்டில் ஒன்று என மூன்று பிரதிகள் இருத்தல் வேண்டும். வெளிவட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைக்கவேண்டும். கூடுமானால் வேறு ஊரில் வைத்தல் மேல். கரையோரத்து வீட்டார் அதனைக் கந்தளாயிலோ வவுனியாவிலோ உள்ள உறவினரிடம் கொடுத்து வைக்கலாமே.

ஏற்றுமதிக்குப் பிடிக்கும் நேரத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். செக்கனுக்கு 2 மெகாபிட் வேகத்தில் 10 ஜிபி ஏறுவதற்கு ஏறத்தாழ 11 மணிநேரம் செல்லும். இரவில் தொடங்கி விடியும் வரை விட்டுவிடுதலே தக்கது. முதலில் பத்திரங்கள், பின்னர் பழைய நிழற்படங்கள், கடைசியில் காணொளிகள் என்ற வரிசை நல்லது. ஏனெனில் இடையில் தடைப்பட்டாலும் அரியவை முன்னரே ஏறியிருக்கும்.

படி மூலமாகிவிடாது. உறுதியின் படத்தைக் காட்டிக் காணியை விற்க முடியாது. எனினும் உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் அப்படத்தில் தெளிவாயிருந்தால் காணிப் பதிவகத்தில் தேடுவது எளிதாகும். பிறப்புப் பதிவு இலக்கத்துக்கும் இதுவே பொருந்தும். ஆகையால் பத்திரத்தின் பின்பக்கத்தையும் முத்திரையையும் விடாது, பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமற் படமெடுக்கவேண்டும்.

வீட்டில் பழைய மலர்களோ ஊர்ச் சஞ்சிகைகளோ கோயிற் குறிப்பேடுகளோ இருந்தால் அவை குடும்பக் கணக்கிற்குள் மட்டும் அடைபட வேண்டியவையல்ல. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் படிமமாக்கி யாவரும் படிக்க வைத்து வருகிறது. அத்தகையவற்றை அங்கே கொடுத்துப் படியெடுப்பித்து, மூலத்தை வீட்டிலே வைத்துக்கொள்ளலாம்.