ஐந்து நாளா, ஐந்தரை வாரமா?

மலக்குடலில் புற்றுநோய் கண்டவருக்கு, அறுவைக்கு முன் 'கரண்ட் வைக்க வேண்டும்' என்று கூறப்பட்டதும் வீடே கலங்கிவிடுகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நம் மக்கள் இட்ட பெயர் அது. மின்சாரம் எதுவும் உடலில் பாய்ச்சப்படுவதில்லை. செலுத்தப்படுவது எக்ஸ் கதிரே. கதிர் படும் நேரத்தில் வலியும் இராது. தொல்லைகள் பிறகே தலைகாட்டும்.

அவை எந்த அளவுக்கு வரும் என்பது கதிரின் மொத்த அளவை மட்டும் பொறுத்ததன்று. அதை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதையும் பொறுத்தது. கதிரின் அளவைக் 'கிரே' என்னும் அலகால் குறிப்பர். நாளொன்றுக்கு 5 கிரே வீதம் ஐந்தே நாளில் 25 கிரே அளிப்பது ஒரு முறை. 1.8 கிரே வீதம் 28 தடவையாக, ஐந்தரை வாரங்களில் 50.4 கிரே அளித்துக் கீமோதெரபியும் சேர்ப்பது மற்றொன்று. போலந்து நாட்டில் இரண்டையும் ஒப்பிட்டு 2006இல் முடிவை வெளியிட்டனர். கடுமையான உடனடிப் பக்கவிளைவுகள் குறுகிய முறையில் நூற்றுக்கு 3 பேருக்கும், நீண்ட முறையில் 18 பேருக்கும் ஏற்பட்டன. நான்காண்டுகளின் பின் உயிர் பிழைத்திருந்தோர் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அப்படியானால் குறுகியதே போதுமே எனத் தோன்றலாம். ஆனால் கட்டியை நன்கு சுருக்கியது நீண்ட முறையே. ஆகவே கட்டியின் நிலை கண்டு மருத்துவர் தேர்வார், நாம் அடம்பிடிக்கலாகாது.

குடலின் உட்படலம் சில நாட்களுக்கொரு முறை புதுப்பிக்கப்படுவது. விரைந்து பெருகும் அச்செல்களையும் கதிர் தாக்குவதால், நீண்ட சிகிச்சையின் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வயிற்றுப்போக்கு, சளி போன்ற கழிவு, மலம் இல்லாதபோதும் முக்கும் உணர்வு, சிறுநீர் எரிச்சல், ஆசனவாயைச் சுற்றிப் புண், அசதி ஆகியன தோன்றும். சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும்.

இடம் அப்படிப்பட்டதாகையால், பெற்ற மகனிடமும் சொல்லக் கூசி மறைப்போர் உண்டு. வேதனை முற்றியதும், 'உடம்பு தாங்கவில்லை' என்று பாதியில் நின்றுவிடுகிறார்கள். அஞ்ச வேண்டியது இதற்குத்தான்! இடைவெளி விழுந்தால் எஞ்சிய புற்றுச் செல்கள் மீண்டும் பெருக வாய்ப்புண்டு. போக்கைக் கட்டுப்படுத்த மாத்திரையும், புண்ணுக்குக் களிம்பும் இருக்கின்றன. மருத்துவரிடம் வாய்திறந்து கேட்டால் போதும். போக்குடன் காய்ச்சலும் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பல இடங்களில் தண்ணீர் அருந்திச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு வரச் சொல்வார்கள். நிறைந்த பை சிறுகுடலைக் கதிரின் பாதையிலிருந்து மேலே விலக்கும். ரமளானில் இது குறித்துத் தயங்குவோர், நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் இடமளித்திருப்பதை எண்ணிப் பார்க்கட்டும். சுத்தம் செய்யும்போது இளஞ்சூட்டு நீரை மெல்ல ஊற்றி, துணியால் ஒற்றி எடுப்பது நல்லது, தேய்க்கலாகாது. தோலில் இடப்பட்ட அடையாளக் கோடுகளையும் அழித்துவிடாதீர்கள். அவற்றை வைத்தே மறுநாளும் கதிரைக் குறிபார்க்கிறார்கள்.