முயலுக்கு மாதவிடாய் வருமா?

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் போன்ற இடங்களில் அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோருக்கு முயல் ஏற்ற செல்லப் பிராணி. அது குரைக்காது. ஒரு நாள் காலையில் அதன் கூண்டில் விரித்த நாளிதழில் சிவப்புக் கறை தெரிகிறது. "பெண் முயல்தானே, மாதவிடாயாக இருக்கும்" என்று விட்டுவிடலாமா?

கூடாது, மாணவர்களே. முயலுக்கு மாதவிடாயே கிடையாது.

மனிதரில் சூலகம் ஏறக்குறைய 28 நாளுக்கு ஒரு முறை தானாகவே முட்டையை வெளியிடும். கரு உருவாகாவிட்டால் கருப்பையின் உட்சுவர் உதிர்ந்து இரத்தத்துடன் வெளியேறும். முயலின் உடல் வேறு விதமாக இயங்குகிறது. ஆணுடன் இணை சேர்ந்த பிறகே, சுமார் 10 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். உட்சுவரும் மாதந்தோறும் உதிர்வதில்லை.

அப்படியானால் அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது?

சில நேரம் அது வெறும் நிறமிதான். தின்ற இலை தழைகளால் முயலின் சிறுநீர் செம்பழுப்பாக மாறுவதுண்டு. அப்போது சிறுநீர் முழுவதும் ஒரே நிறமாக இருக்கும். இரத்தம் என்றால் பெரும்பாலும் திட்டுத் திட்டாகவோ கட்டியாகவோ தெரியும். ஆனால், கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது. கால்நடை மருத்துவர் ஒரு சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்.

இரத்தம்தான் என்றால், சிறுநீர்ப்பைக் கல் காரணமாக இருக்கலாம்; கருப்பை நோயாகவும் இருக்கலாம். உட்சுவர் தடித்தல், சீழ் கட்டுதல், புற்றுநோய் ஆகியவை கருப்பையில் வரக்கூடியவை.

1938இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹாரி கிரீனும் ஜான் சாக்ஸ்டனும் முயல்களின் கருப்பைக் கட்டிகளைப் பற்றி விரிவாக எழுதினர். பிந்தைய ஆய்வுகளில், சில இனங்களில் 4 வயதைக் கடந்த பெண் முயல்களில் 80 விழுக்காடு வரை இந்தப் புற்றுநோய் காணப்பட்டது. இனத்துக்கு இனம் இது மாறும். இதில் வயதே பெரிய காரணி. "ஒரு முறை குட்டி போட்டால் நோய் வராது" என்பது தவறான நம்பிக்கை.

காட்டில் முயல் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளே வாழும். உங்கள் வீட்டிலோ 8 முதல் 10 ஆண்டுகள் வரை வாழலாம். நோய் வளர அந்தக் காலம் போதும். பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி என்பதால் முயல் தன் வலியை மறைத்துக்கொள்ளும். கட்டி நுரையீரலுக்குப் பரவிய பிறகே மூச்சு வாங்குவது தெரியவரும். அப்போது சிகிச்சை கைகொடுப்பது அரிது.

தடுக்க வழி உண்டு. சுமார் 6 மாத வயதில் அறுவை சிகிச்சை செய்து சூலகங்களையும் கருப்பையையும் அகற்றிவிட்டால் அங்கே புற்றுநோய் வர இடமில்லை. மயக்க மருந்தில் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே முயல்களுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய மருத்துவரையே நாடுங்கள். நாய், பூனையைப் போல முயலைப் பட்டினி போட்டுக் கொண்டுபோக வேண்டாம். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி கிடந்தால் அதன் குடல் இயக்கம் நின்றுவிடக்கூடும்.

உங்கள் முயலுக்கு வயது என்ன? இன்றே பெற்றோரிடம் பேசுங்கள். சிவப்புக் கறையைப் பார்த்தால் படம் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.