அரசும் அடுக்குகளும் – 9: கைதிகளே காவலர்களான நகரம்

முதலாம் எலிசபெத் இங்கிலாந்தை ஆண்ட காலத்தில் (1558–1603) அரசியிடம் நிலையான படையும் இல்லை, ஊர்தோறும் சம்பளம் கொடுத்து அதிகாரிகளை அமர்த்தும் அளவுக்கு வருவாயும் இல்லை. ஆகவே கூலியை வரையறுப்பது, நாடோடிகளைப் பிடிப்பது, ஏழைகளுக்கான வரியை மேற்பார்வையிடுவது முதலான வேலைகள் யாவும் ‘அமைதி நீதிபதிகள்’ எனப்பட்ட உள்ளூர் நிலக்கிழார்களின் தலையில் விழுந்தன. அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மரியாதைதான். அந்நாட்டுச் சமூகத்தை 1577-இல் விவரித்த வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார், மக்களைப் பிரபுக்களும் கனவான்களும், நகரக் குடிமக்கள், சொந்த நிலமுள்ள உழவர்கள், கைவினைஞரும் கூலிகளும் என நான்காகப் பிரித்தார். நான்காம் வகையினருக்கு ஆட்சியில் குரலே இல்லை என்று எழுதிய அவரே, ஊர்க்காவலர் வேலை சில வேளைகளில் அவர்களுக்கே வந்து சேர்வதையும் குறிப்பிடத் தவறவில்லை.

அந்த ஆட்சியின் இறுதியாண்டுகளில் பிறந்த இரண்டு ஏற்பாடுகள், இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் சிங்கப்பூரில் ஒன்றாகச் சேர்ந்தன. திருந்தாத நாடோடிகளைக் கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்பிவிடலாம் என்று 1597-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. 1600 டிசம்பர் 31 அன்று அரசி வழங்கிய பட்டயம் கிழக்கிந்தியக் கம்பெனியை உருவாக்கியது. முன்னது நாடுகடத்தல் தண்டனைக்கு வித்து. பின்னது 1819-இல் சிங்கப்பூரில் கொடியேற்றிய நிறுவனத்துக்கு.

கம்பெனியும் அரசியைப் போலவே குறைந்த செலவில் ஆள விரும்பியது. அந்தந்தச் சமூகத்தின் வழக்குகளை அந்தந்தச் சமூகத்தின் தலைவரே தீர்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் போக்கு. 1819-இல் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸுடன் வந்து செங்கல் சூளை வைத்த நாராயண பிள்ளை, சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களின் பூசல்களைத் தீர்க்கும் பொறுப்பைப் பெற்றதும், சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-இல் மாரியம்மன் கோயில் எழக் காரணமாக இருந்ததும் இந்த வகையில் சேரும்.

இதே போக்கு அதன் எல்லை வரை சென்றது சிறையில்தான். 1824-ஆம் ஆண்டு ஆங்கில–டச்சு உடன்படிக்கையின்படி சுமத்ராவிலுள்ள பென்கூலன் கைமாறியதால், அங்கிருந்த இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டனர். 1825 ஏப்ரலில் முதலில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த 80 பேரும், பின்னர் வங்காளத்தைச் சேர்ந்த 122 பேரும் வந்திறங்கினர். பென்கூலனில் ராஃபிள்ஸ் 1818-லேயே கைதிகளை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கத் திட்டமிட்டிருந்தார்: முதல் வகுப்பினர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாம், தமக்கும் பிள்ளைகளுக்கும் உரிய நிலத்தில் குடியேறலாம், ஆனால் மூன்றாண்டுகள் அங்கே கழித்திராத எவரும் அவ்வகுப்பில் சேர முடியாது. சிங்கப்பூரில் ஆளுநர் பட்டர்வொர்த்தின் 1845-ஆம் ஆண்டு விதிகள் இதை ஆறு வகுப்புகளாக விரித்தன. அனுமதிச் சீட்டுடன் சிறைக்கு வெளியே வாழ்ந்து பிழைக்கத் தகுதி பெற்றவர்கள் முதல் வகுப்பு. மற்றக் கைதிகளை மேய்க்கும் தண்டல்களும், மருத்துவமனைகளிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்தவர்களும் இரண்டாம் வகுப்பு. சாலையிலும் பொதுப்பணிகளிலும் உழைத்தவர்கள் மூன்றாம் வகுப்பு. புதிதாக வந்தவர்கள் நான்காம் வகுப்பில் தொடங்கினர்; தப்பியோடக்கூடும் என்று அஞ்சப்பட்டவர்களும் தவறு செய்து இறக்கப்பட்டவர்களும் ஐந்தாம் வகுப்பில் விலங்குடன் இருந்தனர்; முதியோரும் உடல் நலிந்தோரும் ஆறாம் வகுப்பு. சம்பளம் வாங்கும் வெளிக்காவலர்களின் இடத்தில் கைதிகளையே காவலர்களாக நிறுத்த இந்த ஏணி போதுமானதாக இருந்தது. ஹாரிசனின் நான்கு வகைகளில் ஒருவரின் இடத்தைப் பிறப்பும் சொத்தும் தீர்மானித்தன. பிராஸ் பாசா சிறையில் அதைத் தீர்மானித்தது கண்காணிப்பாளரின் பதிவேடு.

இந்த ஏற்பாட்டைப் பெருமையுடன் விவரிக்கும் நூல், கண்காணிப்பாளராக இருந்த மெக்நேர் மற்றொருவருடன் சேர்ந்து 1899-இல் வெளியிட்டது. ஏணியின் உச்சியில் இருந்தவர் எழுதிய நூலில் அடிப்படியின் குரலைத் தேடுவது வீண். அடிப்படியின் கைகள் எங்கே பட்டன என்பதற்கோ கட்டடங்கள் சான்று. 1862-இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை எழுப்பியவர்கள் இந்தியக் கைதிகள். அதன் சுவர்களுக்கான பூச்சில் சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டு, உலர்ந்த பின் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தையை விளக்க வேண்டியதில்லை. சிராங்கூன் சாலையில் அரசு நடத்திய சூளைகளில் கைதிகள் அறுத்த செங்கல், 1867-இல் ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. இன்றைய இஸ்தானாவும் அவர்கள் உழைப்பில் எழுந்ததே.

இந்த ஏணியைக் கருணை என்று கொள்வதற்கில்லை; கணக்கு என்றால் பொருந்தும். கைதியை ஒரு படி ஏற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு காவலரின் சம்பளத்தைவிட மிகக் குறைவு. ஆயினும் இந்தியாவின் குற்றவாளிகளைக் கொட்டும் இடமாகத் தங்கள் நகரம் ஆகிவிட்டதென ஐரோப்பிய வணிகர்கள் முறையிட்டு வந்தனர். 1867 ஏப்ரல் 1 அன்று சிங்கப்பூர் உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து நேரடியாகப் பிரிட்டிஷ் முடியின் குடியேற்ற நாடாயின. 1873-இல் கைதிகள் முகாம் மூடப்பட்டு, தண்டனைக் காலம் எஞ்சியிருந்தவர்கள் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். விடுதலை பெற்றவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. மாட்டு வண்டி ஓட்டியும் கால்நடை வளர்த்தும் இங்கேயே தங்கினர். கைதிகள் செய்துவந்த சாலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் அரசு இனி கூலி கொடுத்து ஆள் தேட வேண்டியதாயிற்று. அந்த ஆட்களும் பெரும்பாலும் தமிழகத் துறைமுகங்களிலிருந்தே கப்பலேறினர். அவர்களின் முன்பணமும் ஒப்பந்தமும் அடுத்த வாரம்.