மகேந்திரவாடி குடைவரை

கல்லை வெட்டியெடுத்துக் கோயில் கட்டுவது வழக்கம். இங்கே கோயிலை நிறுத்திவிட்டு மீதிக் கல்லை வெட்டி அகற்றியிருக்கிறார்கள். தனித்துக் கிடந்த ஒரே குண்டுப்பாறைதான் இது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலம்; 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.

தூண்களை அருகில் போய்ப் பாருங்கள். கீழும் மேலும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, சதுரங்களில் தாமரைப் பதக்கம். ஒட்டு எங்கும் இல்லை.

கிரந்தக் கல்வெட்டு வடமொழியில் உள்ளது. பாறையைப் பிளந்து குணபரன் திருமாலுக்கு இதை அமைத்தான் என்கிறது. குணபரன் மன்னனின் விருதுப்பெயர். ஊர் மகேந்திரபுரம், ஏரி மகேந்திர தடாகம், கோயில் மகேந்திர விஷ்ணுகிருகம். தன்னடக்கம் மன்னனுக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை போலும்! கருவறையிலுள்ள நரசிம்மர் பிற்காலத்தவர்.

இதற்கு நேர்மாறான வேலை ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் ஹார்வி ஃபைட் என்ற சிற்பி 1939 முதல் 1976 வரை சாந்தில்லாமல் கல் அடுக்கி 'ஓபஸ் 40' என்ற பெருஞ்சிற்பத்தை எழுப்பினார். அடுக்கிய கல் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். இங்கே உளி ஒருமுறை பிசகினால் போனது போனதுதான். கடினமான வேலை நம் கல்தச்சருடையதே.

எழுத்து தெரிய வேண்டுமென்று கல்வெட்டின் மேல் மாவோ சுண்ணாம்போ தேய்க்காதீர்கள். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பார்த்தால் எழுத்து நன்றாகவே தெரியும்.