உடல் எடைக்கு விமானக் கட்டணமா?

2013-இல் சமோவா ஏர் என்ற விமான நிறுவனம் பயணிகளின் எடையைப் பார்த்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கியது செய்தியாகி, பெரும் சர்ச்சையானது. ஏன் அப்படிச் செய்தார்கள்? அவர்கள் ஓட்டிய ஐலாண்டர் விமானத்தில் சுமார் பத்துப் பேர்தான் உட்கார முடியும். ஆள், பெட்டி, எரிபொருள் எல்லாம் சேர்த்து மொத்த எடை 3 டன்னைத் தாண்டக் கூடாது. ஆளுக்கு 30 கிலோ கூடினாலே அதில் பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

பாரம் எங்கே இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். வால் பக்கம் கனத்தால் விமானத்தின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். 2003 ஜனவரியில் அமெரிக்காவின் சார்லட் நகரில் கிளம்பிய பீச்கிராஃப்ட் 1900 இப்படித்தான் விழுந்து, 21 பேர் இறந்தார்கள். மூக்கை இறக்கும் கம்பி வடம் சரியாகப் பொருத்தப்படவில்லை. பின்பக்கப் பாரமும் அளவுக்கு மேல். பயணிகளை எடை பார்க்காமல், காலாவதியான சராசரியை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள்.

பெரிய விமானத்தின் கதை வேறு. ஏ320 ரக விமானம் சுமார் 78 டன் எடையோடு கிளம்பக்கூடியது. அதில் ஒருவருக்குக் கூடும் 20 கிலோ ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு. எரிபொருள் செலவு துளிதான் கூடும். விமானிகளின் சம்பளமும் விமான நிலையக் கட்டணமும் மாறப்போவதில்லை. அதற்காக ஒருவரின் உடம்பைக் காட்டிக் காசு கேட்பது அநியாயம். சிறிய விமானத்தில் எடை பார்க்கட்டும், அடுத்தவர் கண்ணில் எண் படாமல். கட்டணம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.