தையில் கல்யாணமா, ஆனியிலா? ஹனிமூன் கடலை முடிவு செய்யும் முகூர்த்த மாதம்!

ராதாபுரம் பக்கம் ஒரு தலைமுறைக்கு முன்பு தேனிலவு என்றால் குற்றாலம், கொடைக்கானல், மிஞ்சிப்போனால் ஊட்டி. இன்று பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன்பே மாப்பிள்ளையின் செல்போனில் மாலத்தீவு, பாலி, புக்கெட் என்று பேக்கேஜ் விளம்பரங்கள் வந்து நிற்கின்றன. ஜூன் 9, 2022 அன்று மாமல்லபுரத்தில் திருமணம் செய்துகொண்ட நயன்தாரா - விக்னேஷ் சிவன் ஜோடி தேனிலவுக்குத் தாய்லாந்து போனதும், அந்தப் படங்கள் போன் போனாகச் சுற்றியதும் நினைவிருக்கும். வெளிநாட்டுக் கடற்கரை இப்போது நட்சத்திரங்களுக்கு மட்டுமானது அல்ல. இந்த வட்டாரத்துக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் விமான நிலையம்தான் பக்கம். அங்கிருந்து மாலத்தீவுத் தலைநகர் மாலேவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

பேக்கேஜ் போடும்போது எல்லோரும் விலையைக் கேட்கிறார்கள், ரூமைக் கேட்கிறார்கள், சாப்பாட்டில் சைவம் உண்டா என்று கேட்கிறார்கள். ‘நாங்கள் போகும் மாதத்தில் அங்கே கடல் எப்படி இருக்கும்?’ என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகிறது. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

ஆடிக்கு முன் ஓடும் அவசரம்

நம்மூர்க் கல்யாணங்களுக்கென்று ஒரு மாதக் கணக்கு உண்டு. மார்கழியிலும் ஆடியிலும் முகூர்த்தம் வைக்க மாட்டார்கள். புரட்டாசியைப் பலர் தவிர்ப்பார்கள். உவரி, இடிந்தகரை போன்ற கடலோரக் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் தை, வைகாசி, ஆனி, ஆவணி மாதங்களில் முகூர்த்தங்கள் குவிகின்றன.

கல்யாணம் முடிந்த மறுநாளே பெட்டியைத் தூக்கவும் முடியாது. மறுவீடு, குலதெய்வம் கோயில், சித்தப்பா வீட்டு விருந்து, அத்தை வீட்டு விருந்து என்று இரண்டு வாரம் ஓடிவிடும். வைகாசி, ஆனியில் கல்யாணம் என்றால் இன்னொரு நெருக்கடியும் சேரும். ஆடி பிறந்தால் பெண்ணை அழைத்துப் போகப் பிறந்த வீட்டிலிருந்து வந்துவிடுவார்கள். அதற்குள் போய் வந்துவிட வேண்டும் என்று ஜூன் கடைசியிலோ ஜூலை முதலிலோ டிக்கெட் போடுகிறார்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று முழு வேகத்தில் இருக்கும் நேரம் அது. பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பகுதிகளில் காற்றாலைகள் இடைவிடாமல் சுற்றுவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் கடல் எப்படி மாறும் என்பது இடிந்தகரை, கூத்தங்குழி, கூட்டப்புளி மீனவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஊரில் காற்றாலையைச் சுற்றும் அதே பருவக்காற்றுதான் மாலத்தீவிலும், இலங்கையின் தென்மேற்குக் கரையிலும், தாய்லாந்தின் அந்தமான் கடல் பக்கத்திலும் அலையைக் கிளப்புகிறது.

எந்த மாதம், எந்தக் கடல்?

*தை, மாசியில் புறப்படுபவர்களுக்கு:* கிட்டத்தட்ட எல்லாக் கதவும் திறந்திருக்கும். மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, கடலும் அமைதி. இலங்கையில் பெந்தோட்டை, உனவட்டுன, மிரிஸ்ஸ போன்ற தெற்கு, தென்மேற்குக் கரைகளுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். தாய்லாந்தின் புக்கெட், கிராபி பகுதிகளுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மலேசியாவின் லங்காவியும் இந்த மாதங்களில் நன்றாக இருக்கும். பாலிக்கு மட்டும் இது மழைக்காலம். எல்லோரும் போகும் சீசன் என்பதால் விலை உச்சத்தில் இருக்கும். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு பதிவு செய்தால் லாபம்.

*வைகாசி முதல் ஆவணி வரை புறப்படுபவர்களுக்கு:* இலங்கைதான் என்றால் தெற்கை விட்டுக் கிழக்கே போங்கள். திருகோணமலை நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்குடா கரைகளுக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன். ஒரே தீவில் ஒரு பக்கம் கொந்தளிக்க, மறுபக்கம் குளம்போலக் கிடக்கும். திருகோணமலை என்றால் கோணேஸ்வரம் கோயிலையும் தரிசித்துவிடலாம், தமிழிலேயே பேசி ஊர் சுற்றலாம். தாய்லாந்து என்றால் புக்கெட்டுக்குப் பதில் தாய்லாந்து வளைகுடாவில் உள்ள கோ சமுயி தீவைப் பாருங்கள். அங்கே கனமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு.

*ஐப்பசி, கார்த்திகையில் புறப்படுபவர்களுக்கு:* இது பருவம் மாறும் நேரம். கோ சமுயியைத் தவிர்க்கலாம். மலேசியாவின் கிழக்குக் கரையில் உள்ள பெர்ஹென்தியான், ரெடாங் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகள் மூடியே இருக்கும். நவம்பர் கடைசியில் புக்கெட், கிராபி பக்கம் தெளிய ஆரம்பிக்கும்.

‘ஆஃப் சீசன் ஆஃபர், பாதி விலை’ என்று விளம்பரம் வந்தால், அது ஏன் பாதி விலை என்பதையும் யோசியுங்கள். ரிசார்ட்டில் ஓய்வெடுத்து, மழையை ரசித்துவிட்டு வரலாம் என்று தெரிந்தே போனால் அது நல்ல பேரம். தினமும் படகில் போய்ப் பவளப்பாறை பார்க்கலாம் என்று நம்பிப் போனால் ஏமாற்றம். தாய்லாந்தின் சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடிவிடுகிறார்கள். படங்களில் பார்க்கும் புகழ்பெற்ற மாயா பே கடற்கரைக்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அனுமதி இல்லை.

மாதம் சரியாக இருந்தாலும்...

சீசன் பார்த்துப் போனால் மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாடே கலங்கிய ஒரு சம்பவம் உண்டு. 2023 ஜூன் 1 அன்று பூந்தமல்லியில் திருமணம் செய்துகொண்ட சென்னை டாக்டர் ஜோடி தேனிலவுக்குப் பாலி சென்றது. அங்கே கடலில் வேகப் படகில் சென்று போட்டோஷூட் எடுத்தபோது நடந்த விபத்தில் இருவருமே உயிரிழந்தார்கள். திருமணமாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அது பாலியில் மழை இல்லாத, சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருக்கும் மாதம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் ராஜாக்கமங்கலம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துச் சென்றது. நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காக நாகர்கோவில் வந்தவர்கள் அவர்கள். அந்த நாள்களில் ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை இருந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயல் காற்று கிளப்பிவிடும் அலைகள், பல நாள்கள் பயணம் செய்து நம் கரையில் வந்து மோதுவதுதான் கள்ளக்கடல். உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானம் பளிச்சென்று இருக்கும்போதே திருடனைப்போல ஏறி வரும் என்பதால்தான் இந்தப் பெயர். பாலியின் தென்கரைக்கும் அதே தென்கோடியிலிருந்துதான் பெரிய அலைகள் வருகின்றன. அங்கே வெயில் காலத்திலும் அலை உயரமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கடலைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்குக்கூடப் புதுக் கரை என்பது புதுக் கரைதான். நம் ஊர் மீனவர்களே வேறு ஊர்க் கடலில் இறங்கும் முன் நீரோட்டத்தை விசாரிப்பார்கள். நீச்சல் குளத்தில் மட்டுமே நீந்திப் பழகியவர்கள் இன்னும் கூடுதலாக விசாரிக்க வேண்டும்.

கரையில் நின்று ஐந்து நிமிடம்

தண்ணீரில் கால் வைக்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

கொடி: சிவப்புக் கொடி என்றால் இறங்கவே கூடாது. பாதி சிவப்பு, பாதி மஞ்சளாக உள்ள இரண்டு கொடிகளுக்கு நடுவே உயிர்காப்பாளர்களின் கண்காணிப்பு இருக்கும். குளிக்க அந்த இடம்தான். புக்கெட் கடற்கரைகளில் பருவமழை மாதங்களில் சிவப்புக் கொடிகள் சாதாரணக் காட்சி. கொடியைத் தாண்டி இறங்கி உயிரை விட்ட பயணிகள் அங்கே உண்டு.

அமைதியான இடைவெளி: இருபுறமும் அலை நுரைத்து உடையும்போது, நடுவில் ஓர் இடம் மட்டும் அலையில்லாமல், சற்றுக் கருத்துத் தெரிந்தால் அது குளிக்கத் தோதான இடம் அல்ல. கரையேறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பும் பாதை அது. ஆளையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், களைத்துப்போவதுதான் ஆபத்து. மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் அலையோடு கரைக்கு வாருங்கள். துணையைக் காப்பாற்ற வெறுங்கையோடு பாய்வதுதான் ஒருவர் போகவேண்டிய இடத்தில் இருவரையும் கொண்டுபோகிறது. மிதக்கும் பொருள் எதையாவது எறியுங்கள், உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட்: ‘போட்டோவுக்கு நன்றாக இருக்காது’ என்று கழற்றச் சொன்னால் அந்தப் போட்டோ வேண்டாம். படகில் ஏறும் முன் ஜாக்கெட் உடம்புக்குப் பொருந்துகிறதா, கொக்கி பூட்டுகிறதா என்று பாருங்கள். ஆள்கள் அதிகம் ஏறியிருந்தால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். மது அருந்திவிட்டுக் கடலில் இறங்காதீர்கள்.

மறைந்திருக்கும் செலவுகள்

மாலத்தீவு பேக்கேஜில் ரிசார்ட்டுக்குப் போகும் படகு அல்லது கடல் விமானக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சில தீவுகளுக்கு இதுவே பெருந்தொகை. கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் மாலையில் இறங்கினால், ஓர் இரவு மாலே பக்கம் தங்கும் செலவு கூடுதல். 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டுகளில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரியும் உண்டு. மாஃபுஷி போன்ற உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் தங்கினால் செலவு வெகுவாகக் குறையும். ஆனால் அங்கே மதுவுக்குத் தடை, உடையிலும் கட்டுப்பாடு.

பாலியில் 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணிகள் ஒவ்வொருவரும் 1,50,000 ரூபியா சுற்றுலா வரி கட்ட வேண்டும். விசாக் கட்டணம் தனி. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் ஏஜென்ட் சொல்வதோடு நிற்காமல், அந்த நாட்டு அரசின் இணையதளத்தையும் ஒருமுறை பாருங்கள்.

காப்பீடு எடுக்கும்போது ‘டிராவல் இன்ஷூரன்ஸ் இருக்கு’ என்ற பதிலில் திருப்தி அடையாதீர்கள். பல பாலிசிகளில் ஸ்கூபா, ஜெட் ஸ்கீ, பாராசெயிலிங் போன்றவை சேராது. கேட்டு, கூடுதல் தொகை கட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

புதுப்பெண்ணின் பெயர்

கல்யாணம் ஆன உடனே பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்பா பெயரோடு இருக்கும் பழைய பாஸ்போர்ட்டிலேயே தாராளமாகப் போய் வரலாம். ஆனால் டிக்கெட்டிலும் விசாவிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். ஆசையாகக் கணவர் பெயரைச் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டு, விமான நிலையத்தில் தவிக்க வேண்டாம். பயண நாளிலிருந்து பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். புதிதாக எடுப்பதானால் திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது. முகூர்த்தம் குறித்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

போனில் பதிந்துகொள்ள வேண்டிய எண்கள்

இலங்கை: சுற்றுலா போலீஸ் 1912, ஆம்புலன்ஸ் 1990
தாய்லாந்து: சுற்றுலா போலீஸ் 1155
மாலத்தீவு: போலீஸ் 119
இந்தோனேசியா: அவசர உதவி 112
மலேசியா: அவசர உதவி 999

பாலியில் இந்தியத் துணைத் தூதரகம் உண்டு. இலங்கையில் கொழும்புத் தூதரகம் தவிர யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டையிலும் இந்தியத் துணைத் தூதரகங்கள் உள்ளன. போகும் நாட்டில் உள்ள தூதரக எண்ணையும், ஹோட்டல் முகவரியையும், பயணத் திட்டத்தையும் இரண்டு வீட்டிலும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பெரியவர்கள் தினமும் போன் செய்து தொந்தரவு செய்யாமல் இருக்கவும் இது உதவும்!

நாள், நட்சத்திரம், லக்னம், கௌரி நல்ல நேரம் என்று எல்லாம் பார்த்துத்தான் தாலி கட்டுகிறோம். பேக்கேஜுக்கு அட்வான்ஸ் கட்டும் முன் அந்தக் கடலின் காலண்டரையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.