உவர்நீரிலிருந்து நீரைக் கவரும் கரைப்பான்

கடல்நீரை நன்னீராக்குதல் என்றவுடன் இரண்டு முறைகள் நினைவுக்கு வரும். ஒன்று, நீரைக் கொதிக்கவைத்து ஆவியைக் குளிர்வித்தல். மற்றது, நீரைப் பேரமுக்கத்தோடு நுண்ணிய சவ்வினூடே செலுத்துதல். இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழியும் உண்டு. உப்பை உவர்நீரிலேயே விட்டு, நீரை மட்டும் ஒரு கரைப்பானால் கவர்ந்தெடுப்பதே அவ்வழி.

அமைன் எனப்படும் இரசாயனச் சேர்வைகளுள் சில, எண்ணெய்போல் நீரின்மேல் மிதப்பன. ஆயினும் அவற்றின் மூலக்கூற்றில் நைதரசன் உள்ள பகுதி நீரோடு பிணையும் இயல்புடையது. சர்க்கரை சூடான நீரில் மிகுதியாகக் கரைவதை யாவரும் அறிவர். இங்கு நிகழ்வதோ அதற்கு மாறானது: குளிரில் அமைன் மிகுந்த நீரை ஏற்கிறது, சூடேறினால் அந்நீரைக் கைவிடுகிறது. உப்போ அமைனில் எளிதிற் கரைவதில்லை.

எனவே, குளிர்ந்த அமைனை உவர்நீருடன் கலந்தால், அது நீரை உறிஞ்சி மேலே தனிப்படலமாக நிற்கும். செறிந்த உவர்நீர் கீழே தங்கும். மேற்படலத்தைப் பிரித்தெடுத்துச் சூடாக்க, நீர் பிரிந்து அடியில் இறங்கும். அமைனை மீண்டும் குளிர்வித்துப் பயன்படுத்தலாம்.

இக்கருத்து புதிதன்று. உவர்நீர் ஆராய்ச்சிக்கென அமெரிக்கா 1952இல் சட்டம் இயற்றியது; அதனையடுத்த ஆண்டுகளில் ரெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் அமைன்கள் ஆராயப்பட்டன. 2019இல் நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் அதனைப் புதிய நோக்குடன் எடுத்துக்கொண்டனர். அவர்கள் கருதியது கடல்நீரையன்று. அதனினும் பன்மடங்கு உவர்ப்பான கழிவுநீரை.

கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அது 70 கிராமைத் தாண்டினால் வழக்கமான சவ்வு முறை இடர்ப்படும். காய்ச்சும் முறைக்கோ எரிபொருட் செலவு பெரிது. எண்ணெய்க் கிணறுகளினின்றும் நன்னீராக்கும் நிலையங்களினின்றும் வெளியேறும் செறிந்த உவர்நீர் நிலத்தையும் கரையோர உயிரினத்தையும் கெடுக்கக்கூடியது. கொலம்பியா ஆய்வில், லீற்றருக்கு 200 கிராமுக்கு மேல் உப்புள்ள நீரும் 70 பாகை செல்சியசுக்கு உட்பட்ட சூட்டிலேயே பிரிக்கப்பட்டது. அத்தகைய சூட்டைத் தொழிற்சாலைகள் வீணே வெளிவிடும் வெப்பத்திலிருந்தும் பெறலாம்.

எனினும் இரண்டு தடைகள் உள. 200 கிராம் உப்பில் 98 வீதம் நீங்கினாலும் 4 கிராம் எஞ்சும், அது குடிநீராகாது. அன்றியும், பெற்ற நீரில் அமைன் சிறிது கலந்திருக்கும். அதனை அகற்றாது எவரும் அந்நீரை அருந்தலாகாது. உப்பை விலக்கிய கரைப்பானைப் பின்னர் நீரிலிருந்து விலக்குவதிலேயே இம்முறையின் வெற்றி தங்கியுள்ளது.